ஐதராபாத்: ஏழு நாள், ஒரு மாளிகை

ஐதராபாத்துக்கு ஒரு வாரம் போய்வர நினைப்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் கிழமையைப் பார்ப்பது நல்லது. சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கும் சௌமகல்லா அரண்மனைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகங்கள் வரிசையாக விரிவது ஞாயிற்றுக்கிழமை. ரம்ஜான் மாதம் என்றால் ஹலீம் கிடைக்கும், ஆனால் பழைய நகரத்துத் தெருக்களில் கால் வைக்க இடம் கிடைக்காது. இவ்வளவையும் பொருத்திப் பார்த்து, புதன் அல்லது வியாழன் காலை போய் இறங்குவதுபோல் திட்டம் போட்டால் வாரம் வீணாகாது.

சார்மினாரையும் கோல்கொண்டாவையும் இந்த உரையில் தேட வேண்டாம். அவற்றுக்கு யாரும் வழி சொல்லத் தேவையில்லை. பிரியாணிக்கு எந்தக் கடை என்ற பேச்சும் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்குள்ளேயே அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

ஒரு நாளை மட்டும் நடைக்கென்று ஒதுக்கிவிடலாம். புறப்படும் இடம் புரானி ஹவேலி. 1851இல் தொடங்கிய முன்ஷி நான் கடை நெடுங்காலம் இருந்தது அங்கேதான். நான்கு மூலை வைத்த நான், தந்தூரிலிருந்து சுடச்சுட வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு நானும், பாயாவோ நஹாரியோ தொட்டுக்கொள்ளவும் கிடைத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. அங்கிருந்து மூசி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் அப்சல்கஞ்ச், உஸ்மானியா மருத்துவமனை. அதன் வளாகத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி பெருக்கெடுத்து ஊரையே அடித்துக்கொண்டு போனபோது, அந்த மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் பிழைத்ததாகச் சொல்வார்கள். இனி இப்படி நடக்கக் கூடாது என்றுதான் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து யோசனை கேட்டார்கள். உஸ்மான் சாகர் ஏரி பிறந்த கதை அது.

அங்கிருந்து வடக்கே நடந்தால் கோட்டி. பேருந்து இரைச்சல், பாடப்புத்தகக் கடைகள், தள்ளுவண்டிகள். நடுவே பெண்கள் பல்கலைக்கழக வளாகம். உள்ளே போனால் வெள்ளைத் தூண்களும் அகன்ற படிக்கட்டும் இருபுறமும் சிங்கங்களுமாக ஒரு மாளிகை. இதுதான் பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி. சென்னை நேயர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு.

மாளிகையைக் கட்டியவர் ஜேம்ஸ் அகிலிஸ் கிர்க்பாட்ரிக். 1764இல் புனித ஜார்ஜ் கோட்டையில் பிறந்தவர். நிஜாம் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்ட்டாக, 1790களின் இறுதியில் பொறுப்பேற்றார். மாளிகைக்கு வரைபடம் போட்ட சாமுவேல் ரஸ்ஸலும் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்தவரே. இடம் வாங்கிய கதையைக் கம்பெனி அதிகாரி ஜான் மால்கம் எழுதிவைத்திருக்கிறார். ரெசிடெண்ட் தமக்கு வேண்டிய நிலத்தைப் பெரிய தாளில் அளந்து வரைந்து கொண்டுபோனாராம். நிஜாம் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார். காரணம், அவர் பார்த்திருந்த தம் ராஜ்ஜியத்தின் வரைபடமே ஏறக்குறைய அந்த அளவுதான்! அடுத்த முறை அதே நிலம் ஒரு சிறு அட்டையில் போனது. உடனே சம்மதம். அலுவலகத்தில் கோப்பு நகர்த்தத் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை புரியும்.

கிர்க்பாட்ரிக் ஐதராபாத் பிரபு குடும்பத்துப் பெண்ணான கைருன்னிசாவை முஸ்லிம் முறைப்படி மணந்துகொண்டார். கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்கு இது பிடிக்கவில்லை. விசாரணை வைத்தார், கிர்க்பாட்ரிக்கின் பதவி போகும் நிலை வந்து தப்பியது. பேகம் பர்தாவில் இருந்தவர், புது மாளிகையின் முன்புறத்தை வந்து பார்க்க முடியாது. அதனால் அதே மாளிகையைச் சின்னதாக, அந்தப்புரத் தோட்டத்திலேயே கணவர் கட்டிக்கொடுத்தார் என்பது ஊரில் வழங்கும் கதை. கதை எவ்வளவு மெய்யோ, அந்தக் குட்டி மாளிகை மெய். அந்தப்புரமான ரங் மஹல்தான் இடிக்கப்பட்டுவிட்டது.

இரண்டு குழந்தைகள். பையன் சாஹிப் ஆலம், பெண் சாஹிப் பேகம். 1805இல் படிப்புக்காக இருவரையும் இங்கிலாந்துக்கு அனுப்ப முடிவாயிற்று. அவனுக்கு நான்கு வயது, அவளுக்கு மூன்று. கப்பல் ஏறியது மதராஸில். அதற்கு முன் அப்போது இங்கே தங்கியிருந்த ஓவியர் ஜார்ஜ் சின்னரி, ஐதராபாத் உடையில் அண்ணனையும் தங்கையையும் வரைந்தார். அந்த ஓவியம் இன்று ஹாங்காங்கில் ஒரு வங்கியின் சேகரிப்பில் இருக்கிறது. கப்பல் போன சில வாரங்களில், அக்டோபரில், தந்தை கல்கத்தாவில் இறந்துபோனார். தாய் 1813இல் இறந்தார். பிள்ளைகளை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

இங்கிலாந்தில் சாஹிப் பேகம், கேத்தரின் அரோரா ஆகி, கிட்டி ஆனாள். இளம் எழுத்தாளர் தாமஸ் கார்லைல் அவளைச் சந்தித்தார், மனதையும் கொஞ்சம் பறிகொடுத்தார். அவருடைய ‘சார்ட்டர் ரிசார்ட்டஸ்’ நூலில் வரும் புளூமைன் என்ற பாத்திரம் அவள்தான் என்று கருதுபவர்கள் உண்டு. ஆனால் கார்லைலைவிட ஐதராபாத் பாட்டி ஷரஃபுன்னிசாதான் நினைவில் நிற்பவர். கிட்டிக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, 1840களில், இருவருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. பாட்டி எழுதியது பாரசீகத்தில், பேத்தி எழுதியது ஆங்கிலத்தில். இறந்துபோன மகளின் கூந்தலில் ஒரு கற்றையைப் பாட்டி அனுப்பிவைத்தார். வில்லியம் டால்ரிம்பிளின் ‘ஒயிட் முகல்ஸ்’ இந்தக் குடும்பத்தைப் பற்றியதுதான். ரயிலில் படிக்க அதைவிடப் பொருத்தமான புத்தகம் இல்லை, ஆனால் தடிமனானது; சார்மினார் எக்ஸ்பிரஸின் ஓர் இரவு போதாது.

மாளிகை நெடுங்காலம் பெண்கள் கல்லூரியாக இருந்தது, நடுவில் மிகவும் சிதைந்தது, உலக நினைவுச்சின்ன நிதியத்தின் துணையோடு புதுப்பிக்கப்பட்டது. படிக்கும் இடம் என்பதால் நினைத்த நேரத்தில் உள்ளே போய்விட முடியாது. அடையாள அட்டையோடு போய், பார்வையாளர் அனுமதி பற்றி முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதே ரெசிடென்சியை 1857 கிளர்ச்சியின்போது, ஜூலை 17 அன்று, துர்ரேபாஸ் கானும் மௌல்வி அலாவுதீனும் ஆட்களோடு வந்து தாக்கினார்கள். துர்ரேபாஸ் கான் பிடிபட்டு, தப்பி, பின்பு சுட்டுக் கொல்லப்பட்டார். மௌல்வி அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் கதையைத் தொடங்கினால் அடுத்து வரும் செய்தி அறிக்கை தள்ளிப்போகும், நிலையத்தில் கோபித்துக்கொள்வார்கள். துர்ரேபாஸ் கானுக்குக் கோட்டியிலேயே நினைவுச் சின்னம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, பசித்தால் ஓர் இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் முடித்துக்கொண்டு, ஆட்டோ பிடிக்காமல் நடந்தே அபிட்ஸ் போய்விடலாம்.