உதவித்தொகை இரக்கமன்று, உரிமை
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில், கட்டணம் செலுத்தாதோர் பட்டியலில் என் பெயரையும் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நாணத்தால் ஊர் திரும்பிவிட எண்ணிப் பெட்டியைக் கட்டினேன். விடுதியிலிருந்த மூத்த மாணவர் ஒருவர் என்னை அலுவலகத்திற்கு அழைத்துச் சென்றார். வருமானச் சான்றிதழ் இணைக்கப்படாமையால் என் உதவித்தொகை விண்ணப்பம் அங்கேயே கிடந்தது! அன்று அவர் செலவிட்டது அரை நாள். நான் பெற்றதோ ஒரு வாழ்வு.

பட்டியலினத்தாருக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அண்ணல் அம்பேத்கர் அந்நாளில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் வீற்றிருந்தார். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படாத மாணவர் அதனைப் பெறலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்க. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறவற்க.

கேட்பதற்கு நாணாதீர்கள். அது பிச்சையன்று, நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமை.

படித்து உயர்ந்தோரே, உங்களிடம் பொருள் வேண்டேன். சேர்க்கைக் காலத்தில் அரை நாள் தாருங்கள். விண்ணப்பத் தாளோடு திகைத்து நிற்கும் பிள்ளையின் அருகில் நில்லுங்கள். அதுவே இவ்விழாவின் பயன்.