மார்க்கர் யார் கையில்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ‘உறுப்பினர் உரை’ பகுதியில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



“உங்கள் வேலையில் கற்றுக்கொண்ட ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுங்கள், பதினைந்து நிமிடம் போதும்” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வேலையில் பாதி நேரம் மீட்டிங்தான். அத்தனை மீட்டிங்கிலும் எனக்கு உருப்படியாகக் கைகொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. பேசப் பேச, எல்லோர் கண்முன்னாலும் போர்டில் வரைவது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் படம் வராது. பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த மாடு, கீழே ‘மாடு’ என்று எழுதினால்தான் மாடு. அதனால் “நமக்கெல்லாம் வராதுப்பா” என்று யாரும் காதை மூடிக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பழக்கம் வந்ததற்குக் காரணம் ஒரு தப்பு. எங்கள் ஆலையில் புதிதாக ஒரு லைன் போட்டோம். பாகங்களை வைக்க இரும்பு ரேக் வேண்டும். மீட்டிங்கில் ஒன்பது பேர் உட்கார்ந்து, “ரேக்கை லைன் பக்கத்திலேயே வைத்துவிடலாம்” என்று முடிவெடுத்தோம். எல்லோரும் தலையாட்டினோம். மினிட்ஸிலும் அப்படியே எழுதினேன். எழுதியது நான்தான்.

ஸ்டோர்ஸ்காரர் மனதில் இருந்தது ஃபோர்க்லிஃப்ட் வரும் இடது பக்கம். ரேக் செய்யச் சொன்னவர் மனதில் இருந்தது வலது பக்கம். வலது பக்கத்தில் மின்சார பேனல் இருந்தது. வெல்டிங் எல்லாம் முடித்து, தரையில் போல்ட் போட்டு ரேக்கை நிறுத்திய பிறகுதான், பேனல் கதவு அரை அடிக்கு மேல் திறக்கவில்லை என்று தெரிந்தது. அவசரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தக்கூட கை நுழையாது. எல்லாவற்றையும் அறுத்து எடுத்தோம். பணம் போனது, பத்து நாள் போனது. யாருக்கும் ஷாக் அடிக்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

என்னை இன்றுவரை உறுத்துவது வேறு ஒன்று. அந்த மீட்டிங்கில் எலக்ட்ரீஷியனும் இருந்தார். பின்னால் அவரிடம், “ஏங்க, நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “எந்தப் பக்கம்னு நீங்க யாரும் சொல்லவே இல்லையே சார். பெரியவங்க பேசும்போது நடுவுல எப்படிக் கேக்குறது?” என்றார்.

அடுத்த மீட்டிங்கில் நான் மினிட்ஸ் நோட்டை மூடி வைத்துவிட்டு, போர்டில் ஒரு நீளப் பெட்டி வரைந்தேன். “இது லைன். ரேக் எங்கே?” அவ்வளவுதான் கேட்டேன். மூன்று பேர் மூன்று இடத்தைக் காட்டினார்கள். எலக்ட்ரீஷியன் எழுந்து வந்து, மார்க்கரை வாங்கி, பேனலையும் அதன் கதவு திறக்கும் வளைவையும் வரைந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார். அதற்கு மேல் விவாதமே தேவைப்படவில்லை.

நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக அப்போது நினைத்துக்கொண்டேன். பிறகு படித்தபோதுதான், இது உலகில் ஒரு தொழிலாகவே நடக்கிறது என்று தெரிந்தது. அமெரிக்காவில் டேவிட் சிபெட் என்பவர் 1970களில் இருந்தே சுவர் முழுக்கப் பெரிய தாள் ஒட்டி, கூட்டத்தில் பேசுவதை அங்கேயே படமாக்கி நிறுவனங்களுக்கு உதவியிருக்கிறார். 1977ல் சான் பிரான்சிஸ்கோவில் இதற்கென்றே நிறுவனம் தொடங்கினார். இதில் இரண்டு வகை உண்டு. ஒருவர் ஓரமாக நின்று, பேசுவதைக் கேட்டுப் படமாகப் பதிவு செய்வது கிராஃபிக் ரெக்கார்டிங். கூட்டத்தை நடத்துபவரே கேள்வி கேட்டு, பதிலை வரைந்து, முடிவை நோக்கிக் கொண்டுபோவது கிராஃபிக் ஃபெசிலிடேஷன்.

யூடியூபில் ஒரு கை வேகவேகமாக வரைய, பின்னணியில் ஒருவர் பேசும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். 2010 வாக்கில் வந்த ஆர்எஸ்ஏ அனிமேட் வரிசை அதில் பிரபலம். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது ஏற்கெனவே பதிவான பேச்சுக்கு, நிதானமாகத் திட்டமிட்டு வரைந்து, வேகத்தைக் கூட்டிக் காட்டுவது. மீட்டிங்கில் அந்த அழகு தேவையில்லை. சொல்லப்போனால், கோணல்மாணலாக இருந்தால்தான் “அது அப்படி இல்லை சார்” என்று திருத்த மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.

கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் செய்து 2016ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. சிலரிடம் வார்த்தைகளைக் கொடுத்து, சிலவற்றை எழுதவும் சிலவற்றை வரையவும் சொன்னார்கள். எழுதியதைவிட வரைந்ததுதான் அதிகம் நினைவில் நின்றது. படம் நன்றாக இருக்கிறதா என்பது பொருட்டாகவே இல்லை. ஆனால் கவனியுங்கள், நினைவில் நின்றது வரைந்தவர்களுக்கு. ஒருவரே வரைந்து ஒன்பது பேர் வேடிக்கை பார்த்தால், பாதிப் பலன் அந்த ஒருவரோடு போய்விடும்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு இப்போது வருகிறேன். மார்க்கர் வைத்திருப்பவருக்கு அதிகாரம் அதிகம். அவர் பெரிதாக வரைந்தது பெரிய பிரச்சினை, மூலையில் வரைந்தது சின்னப் பிரச்சினை, வரையாமல் விட்டது பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடும். நானே அப்படிச் செய்திருக்கிறேன். எனக்குப் பிடித்த யோசனையை நடுவில் பெரிய வட்டமாகப் போட்டு, மற்றதை ஓரத்தில் தள்ளியிருக்கிறேன். போர்டைப் பார்த்து எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அது ஒப்புதல் இல்லை, என் கைவேலை.

இந்த ஆபத்தை நம் நாட்டுக் கிராமங்களில் வேலை செய்தவர்கள் முன்பே புரிந்துகொண்டார்கள். 1980களின் இறுதியில் கர்நாடகத்தில் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்கள், கிராம மக்களையே தங்கள் ஊர் வரைபடத்தைத் தரையில் வரையச் சொன்னார்கள். கோலப்பொடி, விதை, குச்சி, கையில் கிடைத்ததெல்லாம் பயன்பட்டது. எந்தக் கிணற்றில் தண்ணீர், எந்தத் தெருவில் யார் வீடு என்று அவர்களே குறித்தார்கள். இந்த முறைகளைப் பற்றி நிறைய எழுதிய ராபர்ட் சேம்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் வலியுறுத்தியது ஒன்றுதான்: வரைகிற கோலை அந்த மக்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். படித்து வந்தவர் ஒதுங்கி உட்கார வேண்டும். கம்பெனி மீட்டிங்குக்கும் இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியாது.

உங்களில் அலுவலகத்தில் கூட்டம் நடத்துகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், நாளைக்கே முயன்று பார்க்கச் சில குறிப்புகள்:

முதலில், போர்டின் மேலே ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். “டெலிவரி பற்றி” என்று எழுதினால் பேச்சு எங்கேயோ போகும். “ஆர்டர் வந்த பிறகு எந்த இடத்தில் தாமதம்?” என்று எழுதினால் நிற்கும்.

பெட்டி, வட்டம், கோடு, அம்பு, புள்ளி. இந்த ஐந்து போதும். வட்டத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டால் மனிதர். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

கறுப்பு மார்க்கரால் வரையுங்கள், சிவப்பைச் சிக்கலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள்.

சொன்னவருடைய வார்த்தையையே எழுதுங்கள். டிரைவர் “வண்டி கெடக்குது” என்றால் அப்படியே போடுங்கள். அதை “வாகனப் பயன்பாட்டுக் குறைபாடு” என்று மாற்றினால், அது தான் சொன்னது என்பதே அவருக்குத் தெரியாது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, “சரியாக வரைந்திருக்கிறேனா? இதில் எது விட்டுப்போயிருக்கிறது?” என்று கேளுங்கள். இதுவரை வாய் திறக்காதவரைப் பார்த்துக் கேளுங்கள். மார்க்கரை நீட்டுங்கள். வாங்கத் தயங்கினால் வற்புறுத்தாமல், அவர் விரல் காட்டும் இடத்தில் நீங்கள் வரையுங்கள்.

அழிப்பதற்கு முன் மொபைலில் படம் எடுத்து, தேதியோடு எல்லோருக்கும் அனுப்புங்கள். ஆனால் படம் மட்டும் போதாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி எழுத்திலும் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நாம் போட்ட அம்பு நமக்கே புரியாது.

எல்லாவற்றையும் வரையவும் கூடாது. சம்பளம், ஒருவர் மீதான புகார் போன்றவற்றைப் போர்டில் போட்டால் அது அவமானம். ஆளைக் கேலிப்படமாகவும் வரையாதீர்கள், அன்றோடு அவர் பேச்சு நின்றுவிடும். வரவு செலவுக்குப் படம் வேண்டாம், அட்டவணைதான் சரி.

கடைசியாக, நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விருந்தினர் வண்டி நிறுத்தும் பிரச்சினையை மூன்று கூட்டமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘கேட்டுக்குப் பக்கத்தில்’ என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தப் பக்கம் என்று இன்னும் யாரும் வரையவில்லை. அடுத்த கூட்டத்துக்கு என் வீட்டு ஒயிட் போர்டையும் இரண்டு மார்க்கரையும் நான் கொண்டுவருகிறேன். ஆனால் நான் வரையப்போவதில்லை. தண்ணீர் லாரி எங்கே திரும்புகிறது, ஸ்கூல் வேன் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறது, இரவில் எந்த வண்டி வழியை மறிக்கிறது என்பதெல்லாம் முழுதாகத் தெரிந்தவர் நம் வாட்ச்மேன் அண்ணன்தான். நம் கூட்டம் நடக்கும்போது அவர் எப்போதும் வெளியே கேட்டில் நிற்கிறார். அன்றைக்கு அரை மணி நேரம் கேட்டை நம்மில் ஒருவர் பார்த்துக்கொள்வோம். அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, முதல் மார்க்கரை அவர் கையில் கொடுப்போம்.