ஓடு கழற்றிய நண்டு



யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரொன்றிற் பிறந்த எனக்கு நண்டு புதிதன்று. சிறுவயதில், வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றும்பொழுது, சிலவேளை ஈரத்துணிபோலக் கையில் துவளும் நண்டொன்று அகப்படும். உயிர் இருக்கும், ஆனால் கடிக்க வலு இராது. அதைக் கண்டதும் என் அப்பாச்சி, "உள்ளுக்குத் தண்ணிதான், எறி மோனை" என்பார். நாங்களும் எறிந்துவிடுவோம். காகம் கொண்டுபோகும்.

அவ்வாறு நாம் எறிந்த பொருளை உலகின் வேறு சில இடங்களில் நண்டு வகைகளுள் மேலானதாகக் கொண்டாடுகிறார்கள் என்பதை ஐம்பது வயது கடந்த பின்னரே கண்ணாற் கண்டேன். அதைப்பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

மென்னோட்டு நண்டு என்பது தனியொரு சாதி நண்டன்று. எல்லா நண்டுகளும் தம் வாழ்நாளிற் பலமுறை மென்மையாகவே இருந்திருக்கின்றன. நண்டின் ஓடு வளராது. உள்ளே இருக்கும் உடலோ வளர்கின்றது. ஆகவே பாம்பு சட்டை உரிப்பதுபோல நண்டும் ஓட்டைக் கழற்றியாகவேண்டும். பழைய ஓடு பின்புறமாகப் பிளக்க, நண்டு அவ்வழியே பின்னோக்கி நகர்ந்து வெளிவருகின்றது. கால்களை மாத்திரமன்று, கண்ணை மூடியிருந்த மெல்லிய உறையையும், இரைப்பையின் உட்போர்வையையும் கூட விட்டுவிட்டு வருகின்றது. வந்ததும் நீரை உறிஞ்சிப் பருக்கின்றது. முன்னிருந்த அளவிலும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெரிதாகிவிடும். அப்பாச்சி சொன்ன தண்ணீர் இதுதான். ஓடு இறுகிய பின்னரும் சில காலம் உள்ளே சதையினும் நீரே மிகுந்திருக்கும். சந்தையில் எடுப்பாகத் தோன்றும் நண்டு சட்டியில் வெறுங்கோதாகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் நிலவைமட்டும் குறை கூறுகின்றோம்!

என் மகள் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் வாழ்கின்றாள். விடுமுறையொன்றில் அவளிடம் சென்றிருந்தபொழுது, செசாப்பீக் விரிகுடாவின் கீழ்க்கரையிலுள்ள கிறிஸ்பீல்ட் என்னும் சிறு பட்டினத்துக்கு அழைத்துச் சென்றாள். அங்குள்ள நண்டு நீலநண்டு; நம் கடலின் நீலக்கால் நண்டுக்குக் கிட்டிய உறவு. 1896ஆம் ஆண்டில் மேரி ராத்பன் என்ற அம்மையார் இதற்கு இட்ட அறிவியற் பெயருக்கு, 'சுவைமிக்க அழகிய நீச்சற்காரன்' என்று பொருள். ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து இவ்வளவு நாவூறும் பெயர் அடிக்கடி வருவதில்லை.

அங்கே கரையோரக் கொட்டில்களில், ஆழமற்ற தொட்டிகளிற் கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கின்றது. ஓடு கழற்ற இருக்கும் நண்டுகளைப் பிடித்து அவற்றில் விடுகிறார்கள். எது கழற்றும் என்று எப்படி அறிவது? துடுப்புப்போன்ற கடைசிக் காலின் விளிம்பருகே ஒரு மெல்லிய கோடு தோன்றும். வெண்மையாக இருந்தால் ஏறத்தாழ இரண்டு கிழமை, இளஞ்சிவப்பானால் ஒரு கிழமை, செக்கச்சிவந்தால் இரண்டொரு நாள். மயிரிழை போன்ற அக்கோட்டை ஓடும் படகிலிருந்தே கண்டு பிரித்துவிடுகிறார்கள் அம்மீனவர்கள். எனக்குக் காட்டியபொழுது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

தொட்டிக்குக் காவல் இரவும் பகலும் உண்டு. சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை எழுந்து பார்க்கவேண்டும். தாமதித்தால் மென்னண்டை அயல் நண்டுகள் தின்றுவிடும். அல்லது ஓடு கடதாசிபோல விறைக்கத் தொடங்கிவிடும். உரிய வேளையில் நீரிலிருந்து எடுத்துக் குளிரில் வைத்துவிட்டால் இறுகுவது நின்றுவிடுகின்றது. ஒரு நண்டுக்காக நித்திரை முறிப்பதா என்று நீங்கள் கேட்கலாம். அவர்களுடைய சீவனமே அதில்தான்.

இன்னொன்றையும் அங்கே அறிந்தேன். அது என் மனத்தைச் சிறிது உறுத்தியது. பெண் நண்டு தன் கடைசி ஓட்டைக் கழற்றும் தறுவாயிலே துணை தேடுகின்றது. ஆண் நண்டு அதைத் தன் கால்களுக்கிடையில் அணைத்துக்கொண்டு, ஓடு கழன்று மீண்டும் இறுகும்வரை காவல் நிற்கும். இதை அறிந்த மனிதன், கூட்டினுள் இரையை வையாது ஆண் நண்டை வைக்கின்றான். பாதுகாப்பை நாடி வரும் பெண் நண்டுகள் கூட்டினுள் அகப்படுகின்றன. கெட்டிக்காரத்தனந்தான், ஆயினும் கேட்டபின் உடனே உணவு மேசைக்குப் போவது எளிதாக இருக்கவில்லை.

போனோம். கண்ணும் வாயுமுள்ள முன்பகுதியையும், பூக்களையும், வயிற்று மடலையும் நறுக்கி நீக்கிவிட்டு, மாவில் புரட்டி வெண்ணெயிற் பொரித்திருந்தார்கள். இரண்டு பாண் துண்டுகளுக்கிடையில், கால்கள் நாற்புறமும் நீட்டிக்கொண்டிருக்க, முழு நண்டு! நான் தயங்கினேன். "அப்பா, காலிலிருந்து தொடங்குங்கள்" என்றாள் மகள்.

கால்கள் நல்ல அப்பளம் நொறுங்குவதுபோல் நொறுங்கின. உடலைக் கடித்தபொழுது முதலில் மொறுமொறுப்பு. அடுத்து மென்தோல் பல்லுக்கு மெல்லிய தடையொன்று காட்டி இணங்கியது. பின்னர் சூடான, இனிப்புக் கலந்த உப்புச் சாறு வாயை நிரப்பியது. நம் நண்டுக்கறியில் ஓட்டை உடைத்துச் சதையைத் தேடியெடுக்கும் உழைப்பே பாதிச் சுவை. அந்த உழைப்பு இதில் இல்லை. எல்லாம் உடனே கைவந்துவிடுகின்றது. உடனே முடிந்தும் விடுகின்றது. சுவை மேலானதே. ஆனால் விரல் சூப்புவதற்கு ஒன்றுமில்லாத நண்டு எனக்குச் சிறிது குறையாகவே பட்டது.

இவ்வுணவு அமெரிக்கர்க்கு மட்டும் உரியதன்று. வெனிசு நகரத்தார் தம் கடனீரேரியிற் பிடிக்கும் சிறிய பச்சை நண்டுகளை, இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் இவ்வாறே பொரித்து உண்கின்றனர். தாய்லாந்திலும் மியன்மாரிலும் நம் களப்பு நண்டின் இனத்தை ஆளுக்கொரு பெட்டியிலிட்டு, குளங்களில் மிதக்கவிட்டு வளர்க்கிறார்கள்.

செசாப்பீக்கில் நிலைமை முன்போல் இல்லை. அங்கு 1990 முதல் குளிர்காலந்தோறும் நண்டுகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். 2022இல் மதிப்பிட்ட தொகை ஏறக்குறைய 22 கோடியே 70 இலட்சம். அதுவரை கண்ட ஆண்டுகளுள் அதுவே மிகக் குறைவு. கோடி என்றதும் நமக்குப் பெரிதாகத் தோன்றும். விரிகுடாவை நம்பி விடியுமுன் எழுகின்றவனுக்கு அது வேறு கணக்கு.

ஊர் திரும்பியதும், எனக்கு வழக்கமாக மீன் தருபவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். விலையைக் கேட்டார், சொன்னேன். நெடுநேரம் சிரித்தார். "வாத்தியார், அந்த நண்டைக் கறிக்குள் போட்டால் கரைஞ்செல்லோ போகும்" என்றார். பொரிக்கவேண்டும் என்றேன். அடுத்தமுறை அப்படியொன்று வலையில் வந்தால் எறியாமல் எனக்கென எடுத்துவைக்கும்படி சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.