கட்சி பேதமும் ஊர்ப் பொதுக் காரியமும்
(பஞ்சாயத்து அங்கத்தினருக்கும் கிராம உத்தியோகஸ்தருக்கும் செய்யப்பெற்ற பிரசங்கம்)

ஒரு கிராமத்தில் இரண்டு கட்சிகள் இருப்பது அதிசயமன்று. அவ்விரு கட்சியாரும் ஒருவரோடொருவர் பேசாதிருப்பதும் அதிசயமன்று. ஆனால் மேலத் தெருவில் விழுந்த மழைத் தண்ணீர், கீழத் தெருவார் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் என்று விசாரித்துக்கொண்டு ஓடுவதில்லை. பள்ளம் கண்ட இடத்திற் பாய்கிறது. நோயும் அப்படியே. ஆகையால் ஊர்க் காரியங்களை நடத்தும் பொறுப்பை ஏற்றவர்கள், பகை தீரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுதல் கூடாது. பகை தீராதிருக்கும்போதே பொதுக் காரியத்தை நடத்துவது எங்ஙனம் என்பதற்கு, சைப்ரஸ் தீவின் தலைநகரமாகிய நிக்கோசியாவின் சரித்திரம் தக்க உதாரணமாகும்.

நகரம் பிளவுண்ட விதம்

சைப்ரஸ் மத்தியதரைக் கடலின் கிழக்குப் பாகத்திலுள்ள ஒரு தீவு. கிரேக்க மொழி பேசும் கிறிஸ்தவர்கள் அங்கே பெரும்பான்மையோர். துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் சிறுபான்மையோர். 1960-ம் வருஷத்தில் தீவு பிரிட்டிஷ் ஆட்சியினின்றும் விடுதலை பெற்றது. அப்போது ஏற்பட்ட அரசியலமைப்பில், ஐந்து பெரிய நகரங்களில் இரு சமூகத்தாருக்கும் தனித்தனி நகரசபைகள் இருக்கவேண்டுமென்று விதிக்கப்பட்டிருந்தது. இந்த நகரசபை விஷயமே பெரும் வழக்காய் முற்றிற்று. இரு தரப்பாரும் தத்தமக்கு வேண்டியபடி செய்துகொண்ட ஏற்பாடுகள் இரண்டும் செல்லாவென்று 1963 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வருஷ டிசம்பரில் கலகம் மூண்டு இரத்தம் சிந்தலாயிற்று. அப்போது ஒரு பிரிட்டிஷ் தளபதி நகரத்தின் படத்தில் பச்சைப் பென்சிலாற் கோடு ஒன்று இழுத்து இரு சாராரையும் பிரித்து வைத்தார். அதுவே 'பச்சைக் கோடு' எனப் பெயர் பெற்றது.

1974 ஜூலை 15-ல் கிரீஸ் தேசத்து இராணுவ ஆட்சியாரின் ஆதரவோடு தீவில் ஒரு புரட்சி நிகழ்ந்தது. ஐந்து நாட்களுக்குப் பின் துருக்கி படையெடுத்தது. ஆகஸ்டில் சண்டை நின்றபோது தீவு வடக்கு, தெற்கு என இரண்டாய் முறிந்திருந்தது. ஏறக்குறைய 180 கிலோமீட்டர் நீளமுள்ள நடுநிலைப் பிரதேசம் ஐக்கிய நாட்டுப் படையின் காவலில் வந்தது. எண்ணிறந்த குடும்பங்கள் வீடு வாசல்களை இழந்தன. பதினோரு கொத்தளங்களோடு வட்டமாய் அமைந்த நிக்கோசியாவின் பழைய கோட்டை நகரத்தை அந்தக் கோடு நடுவே ஊடறுத்தது. கடைத்தெருக்கள் பாழடைந்தன, உறவினரை இழந்தோர் இரு பக்கத்திலும் இருந்தனர்.

பாதியில் நின்ற ஜலதாரை

யுத்தத்திற்கு முன்னரே நகரம் முழுமைக்கும் பூமிக்கடியிற் குழாய்கள் புதைத்து ஒரு ஜலதாரை ஏற்பாடு தொடங்கப்பட்டிருந்தது. பீடியஸ் நதி தெற்கிலிருந்து வந்து நகரத்தைக் கடந்து கிழக்கே திரும்புகிறது. நிலத்தின் சரிவும் அவ்வண்ணமே. ஆகவே, கழிவு நீரைச் சுத்தி செய்யும் நிலையம் நகருக்கு வடகிழக்கிலுள்ள மியா மிலியா என்னுமிடத்தில் அமைந்தது. துருக்கியர் அவ்விடத்தை ஹாஸ்போலாட் என்பர். 1974-ன் பின் நேர்ந்தது யாது? குழாய்களும் வீடுகளும் பெரும்பாலும் தெற்கே, நிலையம் வடக்கே. நிலையமின்றிக் குழாயாற் பயனில்லை. குழாயின்றி நிலையத்தாற் பயனில்லை. பெரும் பணம் மண்ணுக்குள் வீணே கிடந்தது. கழிவு நீரோ இரு பக்கத்தாருக்கும் பொதுவான நிலத்தடியில் ஊறிக்கொண்டிருந்தது.

அப்போது தெற்கே நகரத் தலைவராயிருந்தவர் லெல்லோஸ் டெமெட்ரியாடிஸ் என்னும் வழக்கறிஞர். அவர் 1971-ல் பதவிக்கு வந்தவர். வடக்கே 1976-ல் தெரிந்தெடுக்கப்பட்டவர் முஸ்தபா அக்கிஞ்சி என்னும் இளைஞர். கட்டடக் கலை பயின்றவர். வயது முப்பதும் நிரம்பாதவர். இவ்விருவரும் ஐக்கிய நாட்டு அபிவிருத்தி ஸ்தாபனத்தாரின் உதவியால் ஒரு முடிவுக்கு வந்தனர். 1978-ல் ஜலதாரையைக் கூட்டாக நடத்துவதென்று உடன்பாடாயிற்று. சில ஆண்டுகளுக்குள் தெற்கின் கழிவு நீரும் வடக்கின் கழிவு நீரும் ஒரே குழாயிற் சேர்ந்து ஓடலாயின. தீவின் வழக்குத் தீராதிருந்த காலத்திலேயே இது நடந்தது.

அவர்கள் கையாண்ட முறை

இது எளிதில் முடிந்த காரியமென்று எவரும் எண்ணவேண்டா. தெற்கேயுள்ளவர்கள் வடக்கின் ஆட்சியைச் சட்டபூர்வமானதென்று ஒப்புக்கொள்வதில்லை. ஆகையால் வடக்கு நகரசபைத் தலைவரோடு கையொப்பமிடுவது அவ்வாட்சியை அங்கீகரிப்பதாகுமென்ற அச்சம் அங்கே இருந்தது. அங்கீகாரமில்லாமல் ஒத்துழைப்பது தன்மானத்திற்குக் குறைவென்ற எண்ணம் வடக்கே இருந்தது. விரோதியோடு கூடினவன் துரோகி என்று பழிப்போர் எந்த ஊரிலும் உண்டு.

இவ்விருவரும் முதலாவது, பட்டப் பெயரைப் பற்றிய வழக்கை ஒதுக்கிவைத்தனர். இன்ன நகரசபையின் தலைவர் என்று கூறிக்கொள்ளாமல், நகரத்திலுள்ள இரு சமூகத்தாரின் பிரதிநிதிகள் என்ற முறையில் நடந்துகொண்டனர். இரண்டாவது, எல்லைத் தகராறையோ முன்னே நடந்த கொடுமைகளையோ அங்கே வழக்காடவில்லை. அளக்கக்கூடிய ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். மூன்றாவது, இரு பக்கத்து எஞ்சினீயர்களையும் நிபுணர்களையும் ஒன்றாய் உட்காரவைத்தனர். குழாயின் சரிவு இத்தனை அங்குலம் என்பதில் கிரேக்கக் கணக்கு வேறு, துருக்கிக் கணக்கு வேறு என்பதில்லை. நாலாவது, தத்தம் கொள்கையை இருவரும் கைவிடவில்லை. கொள்கையை விட்டுக் கொடு என்று ஒருவரையொருவர் கேட்கவுமில்லை. இதுவே அம்முறையின் உயிர்நிலை.

சாக்கடையிலிருந்து நகர அமைப்பு வரை

ஒரு காரியம் கைகூடியபின் அடுத்ததற்குத் துணிவு பிறந்தது. 1979 அக்டோபரில் நகரம் முழுமைக்கும் ஒரே அமைப்புத் திட்டம் வகுப்பதென்று உடன்பாடு செய்துகொண்டனர். அத்திட்டத்தில் ஒரு முன்யோசனை காணப்படுகிறது. நகரம் பிரிந்தேயிருந்தால் செய்யவேண்டுவது இது, மீண்டும் ஒன்றானால் செய்யவேண்டுவது இது என்று இரு நிலைமைகளுக்கும் அதில் வழி வகுக்கப்பட்டது. கோட்டைக்குள்ளே தெற்கில் கிரிசலினியோடிஸா, வடக்கில் அராப் அகமது என்னும் இரண்டு பழைய பேட்டைகள் இணைக் காரியங்களாய் எடுத்துக்கொள்ளப்பட்டு, இடிந்த வீடுகள் செப்பனிடப்பட்டுக் குடிகள் திரும்பி வந்தனர். பழைய நகரத்தின் இப்புனருத்தாரணத்திற்கு 2007-ல் ஆகா கான் கட்டடக் கலைப் பரிசு கிடைத்தது.

அக்கிஞ்சி 1990 வரையிலும் டெமெட்ரியாடிஸ் 2001 வரையிலும் பதவி வகித்தனர். அவர்களுக்குப் பின்னும் காரியம் நிற்கவில்லை. நகரம் பெருகியபடியால் 2010-க்குப் பிறகு அதே இடத்தில், நாளொன்றுக்கு 30,000 கன மீட்டர் கழிவு நீரைச் சுத்தி செய்யவல்ல புதிய நிலையம் எழுந்தது. அங்கே சுத்தியாகும் நீர் பயிர்ப் பாசனத்திற்கு ஏற்றது.

குறையும் படிப்பினையும்

ஜலதாரையினால் சைப்ரஸ் தீவின் வழக்குத் தீர்ந்துவிட்டதென்று சொல்வது உண்மையாகாது. 2004-ல் ஐக்கியத் திட்டம் ஒன்றைப் பற்றி ஜனங்களின் வாக்கெடுத்தபோது துருக்கிய சைப்ரியர் ஒப்பினர். கிரேக்க சைப்ரியர் மறுத்தனர். அக்கிஞ்சியே 2015-ல் துருக்கிய சைப்ரியரின் தலைவராகி, 2017-ல் ஸ்விட்சர்லாந்தில் சமரசப் பேச்சு நடத்தினார், அதுவும் முறிந்தது. நகரம் இன்றும் இரண்டாகவே இருக்கிறது.

கூடிப் பேசாமற் செய்தால் விளைவது யாதென்பதையும் அத்தீவே காட்டியிருக்கிறது. நடுநிலைப் பிரதேசத்தில் பைலா என்றொரு கிராமம் உண்டு. இரு சமூகத்தாரும் அங்கே சேர்ந்து குடியிருக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் அக்கிராமத்திற்கு வடக்கிலிருந்து ஒரு சாலை போட, ஐக்கிய நாட்டாரின் சம்மதமின்றி முற்பட்டார்கள். குறுக்கே நின்ற அமைதிப் படையினர் சிலர் காயமடைந்தனர். சாலை கெட்ட பொருளன்று. குழாயைப் போல அதுவும் ஜனங்களுக்கு வேண்டியதே. முன்னதற்கு உடன்பாடு இருந்தது, பின்னதற்கு இல்லை. அவ்வருஷ அக்டோபரில் பேச்சினாலேயே ஓர் ஏற்பாடு வந்தது. முதலிலேயே பேசியிருந்தால் கைகலப்பு நேர்ந்திராது.

சகோதரர்களே, படையெடுப்பும் உயிர்ச்சேதமும் கண்ட ஒரு நகரத்தில் இரண்டு தலைவர்கள் ஒரு சாக்கடைக்காகக் கூடியிருக்க முடியுமானால், தேர்தலில் எதிர்த்து நின்றோம் என்ற ஒரு காரணத்திற்காக ஒரு கிராமத்தார் கிணற்றைத் தூர் வாராமலும், வரத்துக் கால்வாயை வெட்டாமலும் கிடப்பது முறையாகுமா? வாக்குப் பெறும்வரை ஒருவர் ஒரு கட்சிக்குரியவர். பதவியில் அமர்ந்த பின்னர் வாக்களியாதவன் வீட்டுத் திண்ணைக்கு முன்னுள்ள சாக்கடையும் அவருடைய பொறுப்பே. ஊருக்குத் திரும்பியவுடன், எதிர்க் கட்சியாரும் மறுக்கவியலாத ஒரு காரியத்தைத் தெரிந்தெடுத்து, அவர்கள் வாசலுக்குச் சென்று அழைப்பாராக. பிணக்கு இருந்தபடியே இருக்கட்டும். மழைக்காலத்திற்குள் கால்வாய் வெட்டி முடியட்டும்.