எழுதாமல் விட்ட ஒரு வரி
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



“குடும்பமும் நன்றியுணர்வும்” என்ற தலைப்பில் பேசும்படி மன்றத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். நன்றியைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. பன்னிரண்டாவது வயதில், திருக்குறளின் பதினோராவது அதிகாரமாகிய செய்ந்நன்றி அறிதலைப் பத்துக் குறளும் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான். அதற்கு அடுத்த வருஷமே அந்த அதிகாரத்துக்கு மாறாக நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் லயத்தில் பத்துக் காம்பிராக்கள். கடைசி இரண்டில் எங்கள் குடும்பம். ஒன்றில் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள். மற்றதில் நாங்கள், எங்களோடு அப்பாயி. இடையில் ஒரே சுவர். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கொத்தமல்லி கொதிக்கும். அப்பாயிக்கும் பெரியம்மாவுக்கும் ஒத்துப் போகாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பீலியடியில் குடத்தை வைப்பதிலிருந்து கோழி அடைப்பது வரையில் இருவருக்கும் வழக்குத்தான்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்பது ஏற்பாடு. 1974இல் அந்த மிகுதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொண்டார்கள். கணக்கு நேர்த்தியான கணக்கு. ஆனால் அந்தக் கணக்குப் பிரிக்கும் கோடு எங்கள் இரு காம்பிராக்களுக்கும் இடையிலிருந்த சுவரில் வந்து விழுந்தது. பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பா இங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தார். ஏன் அப்படிச் செய்தார்கள் என்று இருவரும் பிறகு எத்தனையோ காரணம் சொன்னார்கள். எனக்கென்னவோ, மனுப் போட்ட அந்த நாளில் இருவருமே அதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அவர்கள் புறப்பட்ட ஆண்டு 1974. இங்கிருக்கும் முதியவர்களுக்கு அந்த ஆண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சந்தையில் தானிய விலை ஏறிற்று. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்தன. கிராமத்தானுக்கு ஒரு துண்டு வயலாவது இருந்தது. தோட்டத்தானுக்குக் கூப்பனும் சம்பளமும் தவிர வேறென்ன இருந்தது? தோட்டங்களில் அந்த வருஷம் இறப்பு எவ்வளவு ஏறிற்று என்பதைப் பின்னாளில் அறிஞர் பலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கீரையும் கிழங்கும் தின்று தப்பியவர்கள்.

அந்த நாட்களில் இருட்டிய பிறகு பெரியம்மா எங்கள் இஸ்தோப்புக்கு வருவார். கையில் ஒரு கோப்பை. அதில் அவித்த மரவள்ளிக்கிழங்கு நாலைந்து துண்டு. “எங்க வீட்டுல மிஞ்சிப் போச்சு, கெழவிகிட்டக் குடு” என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவார். அப்பாயி அதைத் தின்றபடியே, “மிஞ்சுதாம், மிஞ்சுது! இவ தின்னாம வச்சது எனக்குத் தெரியாதாக்கும்” என்று முணுமுணுப்பாள். சுவருக்கு அப்பால் சட்டி சுரண்டும் சத்தம் அவள் காதுக்கு எட்டியிருக்கிறது. ஆயினும் நேரில் ஒரு வார்த்தை சொன்னாளா? இல்லை. மறுநாள் காலையில் பீலியடியில் மறுபடியும் வழக்கு.

அவ்வருஷக் கடைசியில் அவர்கள் புறப்பட்டார்கள். லுணுகலையிலிருந்து பசறை வழியாகப் பதுளைக்கு பஸ், பதுளையில் கோச்சி, பொல்காவலை வழியாகத் தலைமன்னார், அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம். பதுளை ஸ்டேஷனில் அன்று எழுந்த அழுகையை நான் வருணிக்கப் போவதில்லை. அப்பாயி மட்டும் அழவில்லை. பெரியம்மாவின் கையில் ஒரு றொட்டிப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக் கொண்டு நின்றாள்.

சில மாதங்கள் கழித்து முதற் காயிதம் வந்தது. நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசாங்கம் உண்டாக்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெரியப்பா எழுதியிருந்தார். இங்கே கிள்ளிய கொழுந்தைத்தான் அங்கேயும் கிள்ளுகிறார்கள், குளிர் மட்டும் அதிகம் என்று செய்தி.

பதில் எழுதும் வேலை எனக்கு வந்தது. எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு நான்தான் காயிதம் எழுதுகிறவன். பிள்ளையார் சுழி, “இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் தங்கள் நலமறிய ஆவல்”, பிறகு செய்திகள். அப்பாயி சொல்லச் சொல்ல எழுதினேன். கறுப்புப் பசு கன்று போட்டது. பக்கத்து வீட்டுப் பெண் பெரிய மனுஷியானாள். மாசி மாதம் காமன் கூத்தில் அப்பா மத்தளம் அடித்தார். நீங்கள் விட்டுப்போன கோழி முட்டையிடுகிறது. இதெல்லாம் சொல்லிவிட்டு அப்பாயி சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு, “ராசா, இதையும் எழுது. அவ தின்னாமக் குடுத்த கெழங்குலதான் இந்தக் கட்ட இன்னிக்கும் கெடக்குது. நா அத மறக்கலன்னு எழுது” என்றாள்.

நான் எழுதவில்லை!

ஏன் என்று கேட்பீர்கள். வெட்கம், ஐயா! பரிசு வாங்கிய மாணவன் அல்லவா? கிழங்கு தின்று கிடந்தோம் என்பதை மையினால் எழுதி வைப்பதா? அங்கே அந்தக் காயிதத்தை யாரார் வாசிப்பார்களோ! “மற்றவை பின்” என்று எழுதி முடித்துவிட்டேன். இதோடு நின்றிருந்தாலும் பாதகமில்லை. எழுதியதை வாசித்துக் காட்டு என்று அப்பாயி கேட்டாள். எழுதாத வரியை எழுதியது போலவே நிறுத்தி, நிதானமாக வாசித்துக் காட்டினேன். அவள் முகம் தெளிந்தது.

அடுத்த காயிதம் வந்தபோது அப்பாயி முதலில் கேட்டது, “அதுக்கு என்ன எழுதியிருக்கா?” என்பதைத்தான். எழுதாத வரிக்கு எங்கிருந்து பதில் வரும்? ஒன்றுமில்லை என்றேன். அதற்கடுத்த காயிதத்திலும் ஒன்றுமில்லை. “இன்னும் கோவமாத்தான் இருக்கா” என்று சொல்லிவிட்டு அப்பாயி அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். 1979இல் காலமானாள். அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன்.

பிறகு போர் மூண்டது, கப்பல் நின்றது. காயிதங்களும் குறைந்தன. நான் ஆசிரியனாகி, 2006இல் திருச்சிக்கு விமானமேறி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்குப் போனேன். பெரியப்பா அப்போது இல்லை. பெரியம்மா இருந்தார், கூன் விழுந்து. ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து என் காயிதங்கள் அத்தனையையும் கொட்டினார். வாசிக்கத் தெரியாதவர், பேத்தியை வைத்து எத்தனையோ தரம் வாசிக்கக் கேட்டிருக்கிறார். “ஏண்டா தம்பி, பசு கன்னு போட்டதெல்லாம் எழுதுன. கெழவி என்னயப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?” என்று கேட்டார்.

முப்பது வருஷத்துக்கு மேல் சுமந்ததை அன்று சொன்னேன். அப்பாயி சொன்ன சொல்லை அப்படியே, அவள் குரலிலேயே சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக் கொண்டிருந்தார். “கெழங்கா? அது ஒங்கப்பன் நட்ட கெழங்குதானே. நா அவிச்சேன், அவ்வளவுதான்” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக் கொண்டு, “கெழவி மொகத்துக்கு நேரா ஒரு நாளும் சொல்ல மாட்டா. அவ குணம் அது” என்று சிரித்தார்.

இன்று எங்கள் குடும்பத்தில் கைத்தொலைபேசியில் ஒரு குழுவே இருக்கிறது. கோத்தகிரியில் பனி பெய்தால் லுணுகலையில் உடனே தெரியும். பிள்ளைகள் பெருவிரல் படத்தை அனுப்பி நன்றி சொல்லிவிடுகிறார்கள். கேலி செய்ய எனக்கு வாயில்லை. நான் அதுகூடச் செய்யாதவன்.

அன்று புறப்படும்போது பெரியம்மா ஒரு பொட்டலத்தை என் பையில் திணித்தார். பஸ்ஸில் ஏறிப் பிரித்துப் பார்த்தேன். தேயிலைத் தூள். லுணுகலைக்காரனுக்குத் தேயிலைத் தூள்! வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் கோப்பையை அப்பாயியின் படத்துக்கு முன்னால் வைத்தேன்.