நடு இருக்கையும் ஓர இருக்கையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் அலுவல் பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கூடாரமடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலை எழுப்பினார். ரயில்வே எழுத்தராகிய நமக்கு அது பெருமைதரும் செய்தி. அக்கருவியின் சிறு வடிவம் இன்று வீடுகளுக்கும் வந்துவிட்டது.

நம் சங்கத்திற்குத் திரை வாங்க முற்பட்டபோது, வெள்ளிப்பூச்சுத் திரை ஒன்றையும் சாதாரண வெண்திரை ஒன்றையும் இரவல் பெற்றுச் சோதித்தோம்.

திரை தானாக ஒளியைப் பிறப்பிப்பதில்லை. கருவி தரும் ஒளியைப் பகிர்ந்தளிப்பதே அதன் தொழில். எத்திசையிலிருந்து நோக்கினும் ஒரே பொலிவுடன் தோன்றும் செம்மையான வெண்பரப்பின் 'கெயின்' 1 ஆகும். கெயின் 2 என்றால் நடுவில் இருமடங்கு பொலிவு உண்டு. ஆனால் அம்மிகுதி ஓரத்தாரின் பங்கிலிருந்து எடுத்ததேயாகும்.

சோதனை எளிது. விளக்குகளை அணைத்துத் திரை முழுதும் வெள்ளொளி பாய்ச்சுக. கைப்பேசியின் லக்ஸ் அளவியைத் திரையின்மேல் 9 இடங்களில் வைத்து, சராசரியைத் திரையின் சதுர மீட்டர்ப் பரப்பால் பெருக்கினால், கருவி மெய்யாகத் தரும் லூமன் கிட்டும். பிறகு திரையின் நடுவில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, நேரே நின்று தொடங்கிப் பக்கவாட்டில் வளைவாக நடந்து செல்க. வெள்ளித் திரையில் நேரே நின்றபோது தாள் சாம்பல் நிறமாய் மங்கிற்று. சிறிது விலகியதும் இரண்டும் ஒத்தன. ஓர நாற்காலியை அடைந்தபோதோ தாள் ஒளிர்ந்தது; திரை இருண்டது! வெண்திரையில் எங்கு நின்றாலும் மாற்றம் புலப்படவில்லை.

நம் மன்றத்தின் ஓரத்தில் அமர்வோர் யாவர்? பொம்மசந்திரா ஆலைகளில் ஷிப்டு முடிந்து, உணவும் கொள்ளாமல் ஓடிவரும் இளைஞர்களன்றோ! நடு வரிசைக்கு வந்த விருந்தினர் காண, அவர்கள் காணாதிருப்பது முறையோ? ஆகவே வெண்திரையையே வாங்கினோம்.

நடுவில் பொலிவு குறைந்ததே எனச் சிலர் வருந்தினர். படத்தின் குறுக்களவை 120 அங்குலத்திலிருந்து 100 ஆகச் சுருக்கினோம். பொலிவு ஏறத்தாழ 44 விழுக்காடு கூடிற்று. இன்று படம் முடிந்தபின் ஓரத்து நண்பர்கள் தீர்ப்புக் கூறட்டும். அத்தீர்ப்பே நமக்குப் போதும்.