நாதஸ்வரம் எந்தக் கணக்கில்?

(ஆலய ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கணக்கறிக்கை வாசித்து முடிந்த பின் பேச வருகிறவனைப் பொறுமையாகக் கேட்பவர்கள் குறைவு என்பதை அறிவேன். ஆயினும் அந்தக் கணக்கில் உள்ள ஒரு வரியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். திருவிழாவுக்கு நாதஸ்வர, தவில் கலைஞர்களைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்த செலவு அது. நூறாண்டுக்கு மேலாக இந்த ஜொகூர் மண்ணில் கோயில் எழுப்பி வாழ்கிறோம். மேளம் மட்டும் இன்னமும் விமானத்தில் வந்து இறங்குகிறது.

நம் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதை நான் ஏற்கமாட்டேன். கற்றுக்கொடுக்க ஆசிரியர், கையில் கருவி, கற்றபின் ஒரு பிழைப்பு, இம்மூன்றும் இல்லாத இடத்தில் எந்தக் கலை வளர்ந்திருக்கிறது?

நம் மாநிலத்துச் சப்பின் நடனத்தையே பாருங்கள். ஹட்ராமவுத்திலிருந்து வந்த அரபு மக்களோடு வந்த ஆட்டம் அது. காம்பூஸ் வாத்தியமும் மர்வாஸ் பறையும் இன்றும் அதன் பிறப்பிடத்தைச் சொல்லும். மெர்சிங்கில் ஒரு விதம், மூவாரில் ஒரு விதம் என்று கிராமங்களில் ஊன்றியது. பிறகு பள்ளிகளும் யாயாசான் வாரிசான் ஜொகூர் போன்ற அமைப்புகளும் அதைத் தாங்கிப் பிடித்தன. இன்று சப்பின் என்றால் ஜொகூர், ஜொகூர் என்றால் சப்பின். அதை அந்நியக் கலை என்று எவரும் சொல்வதில்லை. அப்படியே இருக்கட்டும்; எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். என் மாணவிகள் பலர் பள்ளி விழாவில் ஆடியிருக்கிறார்கள்.

1971 ஆகஸ்டு மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு கூடியது. 1969 மே கலவரத்தின் காயம் ஆறாத காலம். இவ்வட்டாரச் சுதேசி மக்களின் பண்பாடே அடிப்படை. பிற பண்பாடுகளில் பொருத்தமான கூறுகள் ஏற்கப்படலாம். இஸ்லாம் முக்கிய அங்கம் என்று அங்கே முடிவாயிற்று. இரண்டாவதாகச் சொன்ன வாக்கியத்தில்தான் நம்முடைய இடம் இருந்தது. எது பொருத்தமானது என்று யார் முடிவு செய்வது? 1984இல் நம் இந்திய அமைப்புகள் அரசாங்கத்திடம் மகஜர் கொடுத்ததும் இந்தக் கவலையால்தான்.

விளையாட்டில் இந்தச் சங்கடம் குறைவு. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார், எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். ஓடியவர் எந்த இனம் என்று யார் கேட்டார்கள்? 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடிய தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நின்று, 2017இல்தான் முறியடிக்கப்பட்டது. பின்னாளில் தேசிய விளையாட்டு மன்றம் வந்தது, 1986 முதல் சுக்மா வந்தது. அங்கெல்லாம் கடிகாரம்தான் நீதிபதி. கலைக்கு அப்படியொரு கடிகாரம் இல்லாததால், மானியம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே தேசியம் என்றாகிவிடுகிறது.

வழியே இல்லை என்று சொல்லமாட்டேன். கோலாலம்பூரில் அஸ்வாரா கலைக்கழகத்தில் நடனம் பயிலும் மாணவர்கள், மலாய்ப் பிள்ளைகள் உட்பட, பரதநாட்டியமும் கற்கிறார்கள். ஜொகூர் பாரு சீனர்களின் சிங்கே ஊர்வலம் 2012இல் தேசிய மரபுடைமை என்று அறிவிக்கப்பட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில், அரசின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கத்தை நடனமணி சாந்தா பாஸ்கர் 1990இல் பெற்றார். நம் ரொட்டி சானாய்கூட 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் மலேசியக் காலையுணவுப் பண்பாடாக இடம்பிடித்துவிட்டது. தவில் பின்தங்கி நிற்கிறது!

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு உதவி வேண்டும் என்றால் மித்ரா என்ற ஒரே வாசலைத்தான் நினைக்கிறோம். 2018இல் அமைந்த அந்தப் பிரிவுக்கு வரவு செலவுத் திட்டங்களில் 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டு வந்தது. நல்லதுதான். ஆனால் அது இந்தியர்களின் ஏழ்மையைப் போக்கும் கணக்கு. நாதஸ்வரத்தை அதில் எழுதினால் அது உதவிப்பணம். பண்பாட்டுத் துறையின் கணக்கில் எழுதினால் அது நாட்டின் சொத்து. தொகை ஒன்றாகவே இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. நாமும் வரி கட்டுகிறவர்கள்தாமே?

ஆகவே இரண்டாண்டு நாதஸ்வர, தவில் வகுப்புக்கு மானியம் கேட்டுப் பண்பாட்டுத் துறைக்கே விண்ணப்பிக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் முன்மொழிந்திருக்கிறேன். அரசாங்கப் பணம் வாங்கினால் கோயிலுக்குள் அதிகாரிகள் நுழைவார்கள் என்று சில அன்பர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அதனால்தான் வகுப்பை மண்டபத்தில் வைத்து, ஆலயக் கணக்கோடு சேராமல் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும் என்கிறேன். எந்த இனத்துப் பிள்ளை வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். சீனப் பிள்ளையொருவன் தவில் வாசித்தால் நமக்கென்ன குறை?

விண்ணப்பத்தோடு மாணவர் பெயர்ப் பட்டியலும் இணைத்தால் நம் கோரிக்கைக்கு வலு சேரும். பத்துப் பெயராவது வேண்டும். இதுவரை நான்குதான் வந்திருக்கின்றன. பெற்றோர்கள், போகும்முன் செயலாளரிடம் பிள்ளையின் பெயரையும் வயதையும் கொடுத்துச் செல்லுங்கள்.